ஊசி போட்ட ஆறாம் நாள் தீபாவளி: ஊருக்குப் போவதா, இருப்பதா, ஊசியைத் தள்ளுவதா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். செப்டம்பர் 3ஆம் தேதி முதல் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று அட்டை போட்டுக் கொடுத்தார்கள்: செப்டம்பர் 24 இரண்டாவது, அக்டோபர் 15 மூன்றாவது. அந்த அட்டையைத் தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டும்போதுதான் கவனித்தேன். அந்த வருடம் (2025) தீபாவளி அக்டோபர் 20. ஊசி போடும் நாளை ஒன்று என்று எண்ணினால் தீபாவளி ஆறாம் நாள்.

எங்களுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சிகிச்சைக்காக அம்மா சென்னையில் என் வீட்டில் இருந்தாள். தம்பி ஊரில் இருக்கிறான். அவன் மகளுக்கு எட்டு மாதம். அவளுக்கு அது முதல் தீபாவளி. வீட்டில் மூன்று யோசனைகள் வந்தன. தம்பி, "நான் கார் எடுத்துட்டு வாறேன், அம்மாவ மெதுவா கூட்டிட்டுப் போயிரலாம்" என்றான். நான், இங்கேயே சின்னதாகக் கொண்டாடிக்கொள்ளலாம் என்றேன். சித்தி போனில், "ஊசிய ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்னட்டி? டாக்டர்ட்ட கேட்டுப் பாரு" என்றாள். இந்த மூன்றையும் நாங்கள் எப்படி எடை போட்டோம் என்று எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காலண்டரைப் பார்க்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன.

முதலில் நாள்கணக்கு

பண்டிகைத் தேதியை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. அது ஊசிக்கு எத்தனையாவது நாள் என்று பார்க்க வேண்டும். மூன்று வாரச் சுற்றில் பொதுவாக முதல் நான்கைந்து நாள் குமட்டலும் அசதியும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்புறம் மெல்ல ஏறி, 21ஆம் நாளுக்குள் அடுத்த ஊசியைத் தாங்கும் அளவுக்கு வந்துவிடும். மருத்துவமனையில் எல்லோரும் 'கவுன்ட்' என்று சொல்வது இதைத்தான். வெள்ளையணுக்களில் கிருமியோடு சண்டை போடும் வகையான நியூட்ரோஃபில் எண்ணிக்கை 1,500க்கு மேல் இருந்தால் நிம்மதி. 500க்குக் கீழே போய்விட்டால் வெளியிலிருந்து கிருமி வரவேண்டும் என்றுகூட இல்லை, நம் குடலிலும் வாயிலும் சும்மா இருக்கும் கிருமியே ரத்தத்தில் ஏறிவிடும்.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். இரண்டாவது ஊசிக்குப் பத்தாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. நான் ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன். சூடு இறங்கியது, அம்மா தூங்கினாள், நானும் தூங்கிவிட்டேன். விடிகாலையில் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கவுன்ட் 500க்குக் கீழே. ஐந்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். "100.4 தொட்டா உடனே கெளம்பி வரணும்னு சொல்லியிருந்தோமே, மாத்திரை குடுத்துட்டு விடியட்டும்னு இருந்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மாத்திரை காய்ச்சலை மறைத்ததே தவிர கிருமியைத் தொடவில்லை. கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்பது நெஞ்சுவலி மாதிரி. மணிக்கணக்கில் பொறுக்கக் கூடாது.

இந்த அனுபவத்தோடுதான் தீபாவளியை யோசித்தோம். ஆறாம் நாள் பார்க்க நல்ல நாள்போலத் தெரியும். குமட்டல் அடங்கியிருக்கும், கொஞ்சம் எழுந்து நடமாடுவாள். ஆனால் கூட்டத்தில் அன்றைக்குத் தொற்றும் சளி இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும்போது கவுன்ட் பாதாளத்தில் இருக்கும். ஆறாம் நாளின் ஆபத்து ஆறாம் நாளில் தெரியாது.

ஊருக்குப் போவது

இதற்குச் சாதகமாக இருப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்குச் சென்னை பிடிக்காது. நாலாவது மாடி, லிஃப்ட், கதவைச் சாத்தியே வைத்திருக்கும் அக்கம்பக்கம். ஊரில் திண்ணை இருக்கிறது, தெருவில் போகிறவர்கள் "என்ன மைனி, சொகமா" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். ஊருக்குப் போய் வந்தால் அம்மா நாலு வாய் கூடச் சாப்பிடுவாள், அதுவும் உண்மை. பட்டாசுப் புகைகூட ஊரில் குறைவு. எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் வெடித்தால் புகை நேராக எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும்.

ஆனால் தூரம். சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். காரில் என்றால் பத்துப் பதினோரு மணி நேரம், தீபாவளி நெரிசலில் செங்கல்பட்டைத் தாண்டவே பாதிப் பொழுது போய்விடும். புற்றுநோய் இருப்பவர்களுக்குக் கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், கீமோ அதைக் கூட்டும். நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இன்னும் கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்கவைக்க வேண்டும். ரயிலில் படுத்துக்கொண்டு போகலாம், அதுதான் உடம்புக்கு நல்லது. ஆனால் தீபாவளி டிக்கெட் 60 நாளுக்கு முன்னால் திறந்து நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. அந்த அறுபதாவது நாளில் எங்களுக்குக் கீமோ உண்டா இல்லையா என்பதே முடிவாகியிருக்கவில்லை.

தூரத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது? எங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம். அது போக முடியாத தூரம் இல்லை. ஆனால் தீபாவளி ராத்திரி, தீக்காயமும் விபத்துமாக வந்து குவியும் நேரத்தில், பணியில் இருக்கும் இளம் டாக்டரிடம் "இவங்களுக்கு இன்ன மருந்து, இன்ன தேதியில போட்டது" என்று ஒரே நிமிடத்தில் புரியவைக்க வேண்டும். மருந்தின் பெயரும் தேதியும் உள்ள கடிதம் கையில் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது. எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. காய்ச்சல் வந்த பிறகு, மூன்றாவது சுற்றிலிருந்து வெள்ளையணுவை ஏற்றும் ஊசியும் போடச் சொல்லிவிட்டார்கள். கீமோ முடிந்து ஒரு நாள் கழித்துப் போடுவது. சிலருக்கு ஒரே ஊசி, சிலருக்குத் தினமும் ஒன்று என்று ஐந்து ஏழு நாள். தினமும் போடுகிறவர்கள் அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும், ஊரில் போட்டுவிட ஒரு நர்ஸும் வேண்டும்.

அப்புறம் வீடு. ஊரில் தீபாவளிக்குப் பதினாறு பேர் கூடுவோம். கழிப்பறை ஒன்று. கீமோ போட்டு 48 மணி நேரம் வரை சிறுநீரிலும் மலத்திலும் மருந்து வெளியேறும், கழிப்பறையை இரண்டு முறை நீர் ஊற்றி அலச வேண்டும், கையுறை போட்டுத்தான் துணி துவைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆறாம் நாளில் அது முடிந்துவிடும், சரி. ஆனால் பதினாறு பேரில் ஒரு பிள்ளைக்காவது மூக்கு ஒழுகாத தீபாவளி எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை. யார் வீட்டிலாவது பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தால் அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது. ஊர்ப்பக்கம் அம்மை கண்டதை வெளியே சொல்லத் தயங்குவார்கள் என்பதால் இதை முன்கூட்டியே, கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

சென்னையிலேயே இருப்பது

நான் சொன்ன யோசனைதான் என்றாலும், இதில் ஒரு குறை பெரிதாக இருந்தது. மருத்துவமனை பக்கம், சுத்தம், அமைதி எல்லாம் உண்டு. ஆனால் பாதுகாப்பாக இருக்கும் வீடு ஒரு கட்டத்தில் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடுகிறது. அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே பிள்ளைகள் கம்பி மத்தாப்பு கொளுத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பண்டிகை நாளில் நோயாளியை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துவிட்டு வீடே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

தம்பி குடும்பத்தை இங்கே வரவழைக்கலாம். அது நல்ல வழி, வருகிறவர்கள் நாலு பேருக்குள் இருந்தால், யாருக்கும் சளி இருமல் இல்லாவிட்டால். வந்ததும் கை கழுவச் சொல்வதில் வெட்கப்பட வேண்டாம். குழந்தையை அம்மா தூக்கலாம், கொஞ்சலாம், மடியில் போட்டுக்கொள்ளலாம். துணி மாற்றுவதை மட்டும் வேறு யாராவது செய்யட்டும். ஆனால் எட்டு மாதக் கைக்குழந்தையோடு தீபாவளி நெரிசலில் தம்பியும் அவன் மனைவியும் அறுநூறு கிலோமீட்டர் வருவது அவர்களுக்குச் சுலபமில்லை. தம்பி மாமனார் வீட்டிலும் அந்தக் குழந்தைக்காகக் காத்திருந்தார்கள்.

சமையலும் எண்ணெயும் பற்றி ஒரு வார்த்தை. பலகாரம் சுடும் வாடை கீமோவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆகாது, அந்த வாடையிலேயே குமட்டும். அதனால் எங்கே கொண்டாடினாலும் அடுப்பு வேலையை வேறு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு முதல் மூன்று நாளில் சர்க்கரையைத் தூக்கிவிடும், தூக்கத்தையும் கெடுக்கும். அம்மாவுக்கு மூன்றாம் நாள் முந்நூறைத் தொட்டது. முதல் ஊசிக்கு மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனால், அம்மா ஒரு கிலோ உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "தூக்கம் வரலட்டி" என்றாள். பண்டிகை முதல் மூன்று நாளுக்குள் வந்தால் இனிப்பை அதற்குத் தக்கபடி குறைக்க வேண்டும்.

லேகியத்தை நான் நிறுத்திவிட்டேன். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சமையலில் சேரும் அளவுக்குப் பயமில்லை. ஆனால் மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின் சில மருந்துகள் உடம்பில் சேரும் அளவை மாற்றும். காய்ச்சிச் சுண்டவைத்த லேகியத்தை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய்க் குளியலுக்கு எங்கள் டாக்டர் தடை சொல்லவில்லை. மருந்து ஏற்றுவதற்காக மார்புத் தோலுக்கு அடியில் வைக்கும் போர்ட், புண் ஆறி, அதில் ஊசி குத்தி வைக்காமல் இருந்தால் தண்ணீர் படலாம். கையில் வெளியே தொங்கும் குழாயான பிக் லைன் என்றால் நனையவே கூடாது.

ஊசியைத் தள்ளிப் போடுவது

சித்தி கேட்டதை நான் டாக்டரம்மாவிடம் அப்படியே கேட்டேன். கேட்கவே பயந்துகொண்டிருந்தேன், திட்டுவார் என்று. திட்டவில்லை. "தாராளமா கேக்கலாம். எல்லாரும் மனசுக்குள்ள வச்சுக்கிட்டு, கடைசில சொல்லாம கொள்ளாம வராம இருந்துடறாங்க, அதுதான் கஷ்டம்" என்றார். அப்புறம் சொன்னார்: "இது குணமாக்கப் போடுற ஊசி. ரெண்டு நாள் முன்ன பின்ன ஆகறது வேற. ஒரு வாரம்னு நாமளே தள்ளறது வேற. கவுன்ட் ஏறலைன்னா உடம்பே தள்ளிடும். அந்த இடைவெளிய நாம செலவு பண்ண வேண்டாம்."

வீட்டுக்கு வந்து நானும் ஒரு கணக்குப் போட்டேன். மொத்தம் எட்டு ஊசி. இப்போதைய அட்டைப்படி ஏழாவது ஊசி ஜனவரி 7. ஒரு வாரம் தள்ளினால் அது ஜனவரி 14, சரியாகப் போகியன்று. தீபாவளியைக் காப்பாற்றப் போய்ப் பொங்கலை முழுசாகத் தொலைத்திருப்போம். ஒரு தேதியை நகர்த்துகிறவர்கள் கடைசி ஊசி வரைக்கும் எழுதிப் பார்த்துவிட்டு நகர்த்துங்கள்.

ஆனால் எல்லோருக்கும் இந்தப் பதில் பொருந்தாது. நோய் பரவிவிட்டது, குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைத்திருக்கத்தான் மருந்து என்கிற நிலையில் இருப்பவர்களுக்குத் தள்ளிப் போடுவதுதான் பல சமயம் சரியான முடிவு. என் பெரியம்மாவுக்கு அவருடைய டாக்டரே மூன்று வாரம் மருந்தை நிறுத்தி, "ஊருக்குப் போய்ட்டு வாங்கம்மா" என்று அனுப்பினார். அதுதான் பெரியம்மாவுக்குக் கடைசித் தீபாவளி. வாய்ப்புண் ஆறியிருந்ததால் முந்திரிக்கொத்தை ருசித்துச் சாப்பிட்டார். அந்த மூன்று வாரத்தை எங்கள் வீட்டில் யாரும் வீண் என்று சொன்னதில்லை. எந்த நோக்கத்துக்காக இந்தச் சிகிச்சை என்று டாக்டரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்தான் தள்ளலாமா கூடாதா என்று பேச முடியும். கேட்கத் தயங்கி, அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்காதீர்கள்.

கரண்ட் வைப்பவர்களின் கணக்கு தனி. ரேடியேஷன் வாரத்துக்கு ஐந்து நாள், தொடர்ந்து சில வாரம் போகும். தலை, கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் நடுவில் நாள் விட்டால் பலன் குறையும், விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவது என்று அவர்களே திட்டமிடுவார்கள். பண்டிகை விடுமுறையோடு நாமாக இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளக் கூடாது. கேப்பசிட்டபின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக இரண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. பண்டிகை அந்த ஓய்வு வாரத்தில் வந்தால் பெரிய நிம்மதி. இந்த மாத்திரையால் உள்ளங்கை சிவந்து எரியும் நாட்களில் முறுக்கு பிழியும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

நாங்கள் கேட்க மறந்த கேள்வி

மூன்று வழியையும் இத்தனை தூரம் அலசிய நாங்கள், அம்மாவிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கவே இல்லை. ஊருக்கு வரணுமா, இங்கே இருக்கணுமா என்றுதான் கேட்டோம். அதற்கு அம்மா, "ஒங்களுக்கு எது தோதோ அதச் செய்ங்க" என்பாள். ஒருநாள் ரசம் சாதம் பிசைந்து கொடுக்கும்போது வேறு மாதிரி கேட்டேன். தீபாவளியில் எது இல்லாவிட்டால் உனக்குத் தீபாவளியே இல்லை என்று.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "புள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வச்சு நாந்தான் குளிப்பாட்டணும். ஒனக்கும் ஒந் தம்பிக்கும் எங்கம்மா செஞ்சா. அவ்வளவுதான்."

"அது தீபாவளியன்னைக்குத்தான் செய்யணுமா?"

"எட்டு மாசப் புள்ளைக்குத் தேதி தெரியவா போகுது?"

இந்த ஒரு பதிலில் எங்கள் சிக்கல் பாதி அவிழ்ந்துவிட்டது. அம்மா பதினாறு பேரைக் கேட்கவில்லை, பட்டாசைக் கேட்கவில்லை, அக்டோபர் 20ஐயும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பதில் வேறாக இருக்கலாம். கோயிலுக்கு ஒரு நடை என்று சொல்லலாம், அண்ணன் தம்பிகள் ஒரு பந்தியில் உட்கார வேண்டும் என்று சொல்லலாம். அது எதுவென்று தெரிந்தால், அந்த ஒன்றை மட்டும் நல்ல நாள்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது சுற்றில் பதினெட்டாம் நாள் நவம்பர் 1, சனிக்கிழமை. கவுன்ட் ஏறியிருக்கும், அடுத்த ஊசிக்கு நாலு நாள் இருக்கும், தீபாவளிக் கூட்டம் கலைந்து ரயிலில் இடமும் இருக்கும்.

அதனால் தீபாவளியைச் சென்னையில் வைத்துக்கொண்டோம், நாங்கள் மூன்று பேர் மட்டும். விடிகாலை அம்மாவை மணையில் உட்காரவைத்தேன். முடி எல்லாம் கொட்டியிருந்தது. எண்ணெயைச் சூடுபடுத்தி, வழக்கப்படி மூன்று சொட்டு உச்சியில் வைத்து விரல் நுனியால் தடவினேன். தோல் அவ்வளவு மிருதுவாக இருந்தது. சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் ஜன்னல்களைச் சாத்தி வைத்தோம். ஊரிலிருந்து பார்சலில் வந்த முந்திரிக்கொத்தைக் கடித்துவிட்டு, "நாக்குல இரும்பு வாடைதான் அடிக்கி" என்று கீழே வைத்துவிட்டாள். அதை டப்பாவில் எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 30ஆம் தேதி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். நியூட்ரோஃபில் 2,900. டாக்டரம்மா கடிதம் எழுதிக் கொடுத்தார்: மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, காய்ச்சல் வந்தால் முதலில் செய்ய வேண்டியது. தெர்மாமீட்டரையும் எடுத்துக்கொண்டேன். 31ஆம் தேதி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் படுக்கை கிடைத்தது. சிகிச்சைக்காக ஊருக்கும் மருத்துவமனைக்கும் போய்வருகிறவர்களுக்கு ரயில்வே சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, துணைக்கு முக்கால் பங்கு. ஊரிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் அடையாறுக்கும் வேலூருக்கும் வந்துபோகிற எத்தனையோ பேருக்கு இது தெரிவதில்லை.

வீட்டில் தம்பியும் அவன் மனைவியும் குழந்தையும் மட்டும் இருந்தார்கள். மற்றவர்களை மறுநாள் வரச் சொல்லியிருந்தான், திண்ணையோடு பார்த்துவிட்டுப் போகும்படி. சனிக்கிழமை காலை பின்வாசலில் வெயில் ஏறியதும் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொண்டாள். தலைத் துணி நழுவியது. இழுத்துவிடக் கை காலியாக இல்லை, அப்படியே விட்டுவிட்டாள். குழந்தைக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எண்ணெய்க் கையோடு அம்மா அதன் தலையைத் தடவ, அது தன் எண்ணெய்க் கையை நீட்டி அம்மாவின் தலையைத் தடவியது. தம்பி மனைவி வெந்நீரை விளாவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 5ஆம் தேதி நாலாவது ஊசி, அட்டையில் இருந்த தேதியிலேயே போட்டாயிற்று.